மூளை ரத்தக்குழாய்க் குறைபாடு: எந்தச் சிகிச்சை, எப்போது, எப்படி முடிவெடுப்பது?

தலைவலிக்காகவோ, முதன்முறை வந்த வலிப்புக்காகவோ, கீழே விழுந்து அடிபட்டதற்காகவோ எடுத்த ஸ்கேனில் ‘மூளையில் ரத்தக்குழாய்க் குறைபாடு’ என்று எழுதி வந்துவிட்டால், வீட்டில் இருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி ‘ஆபரேஷன் செய்தாக வேண்டுமா?’ என்பதுதான். அதற்கு முன்பாக விடை தெரிந்திருக்க வேண்டிய கேள்விகள் மூன்று உள்ளன. இது எந்த வகைக் குறைபாடு? இதுவரை ஒருமுறையாவது ரத்தம் கசிந்திருக்கிறதா? சிகிச்சை செய்தால் இதை முழுவதுமாக அழிக்க முடியுமா? மூன்றாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை. என் பார்வையில் அதுதான் தலையாயது. ஏனென்றால் இந்த நோயில் பாதிச் சிகிச்சை பாதிப் பயனைத் தருவதில்லை, சில வேளைகளில் செய்யாமல் இருந்ததைவிடக் கெடுதலாகவும் முடிகிறது. கீழே எழுதியிருப்பது மருத்துவரின் ஆலோசனைக்கு மாற்று அன்று. ஆலோசனை அறைக்குள் நுழையும் முன் தெரிந்துகொண்டால் அங்கே கிடைக்கும் சிறிது நேரத்தைச் சரியாகப் பயன்படுத்த உதவும்.

அறிக்கையில் உள்ள பெயரை முதலில் பாருங்கள்

ரத்தக்குழாய்க் குறைபாடு என்பது ஒரே நோயின் பெயரன்று. இயல்பும் ஆபத்தும் முற்றிலும் வேறுபட்ட பல அமைப்புகளை இந்த ஒரு பெயருக்குள் அடக்கிவிடுகிறோம். அவற்றுள் மிகுதியாகக் காணப்படுவது வளர்ச்சிக்காலச் சிரை மாறுபாடு. மெல்லிய சிரைகள் பல, குடைக் கம்பிகள் காம்பில் சேர்வதைப்போல ஒரு பெரிய சிரையில் வந்து சேரும். பார்ப்பதற்கு விகாரமாகத் தெரிந்தாலும், அந்தப் பகுதியில் உள்ள நல்ல மூளையின் ரத்தம் வடிவதற்கு அதுவே வழி. அதை அகற்றினால் வடிகால் அடைபட்டு மூளை வீங்கிச் சிதையும். ஆகவே இதைத் தொடக்கூடாது. எம்ஆர்ஐ மருந்து செலுத்தியபின் மட்டும் மூளைத்தண்டில் மங்கலாகத் தெரியும் நுண்குழாய் விரிவும் அப்படித்தான். இந்த இரண்டில் ஒன்று மட்டுமே அறிக்கையில் இருந்தால், பெரும்பாலும் நிம்மதியாக வீடு திரும்பலாம்.

அடுத்தது கேவர்னோமா. இது மெல்லிய சுவர்கொண்ட சிறு அறைகள் கொத்தாகச் சேர்ந்த, ரத்தம் மிக மெதுவாக நகரும் ஒரு முடிச்சு; எம்ஆர்ஐ படத்தில் பொரித்த சோளம் போலவும், அதைச் சுற்றிப் பழைய ரத்தத்தின் இரும்புக் கறை கருவளையமாகவும் தெரியும். மூளையின் உறையில் உண்டாகும் தமனி-சிரைத் தவறிணைப்பு இன்னொரு வகை. எல்லோரும் அஞ்சும் வகை தமனி-சிரைக் குறைபாடு, மருத்துவமனை வழக்கில் ஏவிஎம். இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அதைப் பற்றியதே. அறுவையா, கதிரா, அடைப்பா, காத்திருப்பா என்ற குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஏவிஎம்: உள்ளே நடப்பது என்ன

இதயத்திலிருந்து மிகுந்த அழுத்தத்தோடு வரும் ரத்தம் தமனி வழியே மூளைக்குள் நுழைந்து, தலைமுடியைவிட மெல்லிய நுண்குழாய்களில் பிரிந்து வேகம் தணிந்து, பிறகே சிரைக்குப் போகிறது. ஏவிஎம்மில் இந்த நடு அடுக்கு இல்லை. தமனியும் சிரையும் சிக்குண்ட நூல்கண்டு போன்ற ஒரு முடிச்சில் நேரடியாகச் சேர்ந்துவிடுகின்றன. அந்த முடிச்சை மருத்துவர்கள் ‘நைடஸ்’ என்பார்கள். லத்தீனில் பறவைக் கூடு என்று பொருள். தமனியின் அழுத்தத்தைத் தாங்கப் படைக்கப்படாத மெல்லிய சிரைச் சுவர், ஆண்டுக்கணக்கில் அந்த அடியை வாங்கி வீங்குகிறது. சிலருக்கு ஒருநாள் வெடித்துவிடுகிறது. சிலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒன்றும் ஆவதில்லை.

இதை உறுதி செய்வதற்கான சோதனை ஆஞ்சியோகிராம். 1927ஆம் ஆண்டில் லிஸ்பனில் எகாஸ் மோனிஸ் மூளைத் தமனிகளை முதன்முதலில் படமெடுத்த அதே முறைதான், கருவிகள் மட்டும் மாறிவிட்டன. இன்று தொடையிடுக்கிலோ மணிக்கட்டிலோ நுழைக்கும் மெல்லிய குழாய் வழியே சாயமருந்து செலுத்தப்படுகிறது. அந்தப் படங்களைக் கணினியில் ஓடவிட்டுக் காட்டும்படி மருத்துவரிடம் கேளுங்கள். ஒருமுறை பார்த்தால் நோய் விளங்கிவிடும். ஆரோக்கியமான மூளையில் முதலில் தமனிகள் மரக்கிளைபோலக் கறுக்கும், பிறகு எங்கும் புகைபோல ஒரு மங்கல் படரும், நான்கைந்து விநாடி கழித்தே சிரைகள் தெரியத் தொடங்கும். ஏவிஎம் உள்ளவரின் படத்தில், தமனிகள் இன்னும் நிரம்பிக்கொண்டிருக்கும்போதே, பருத்து நெளிந்த ஒரு சிரை கறுத்து எழும். முன்கூட்டியே நிரம்பும் அந்தச் சிரைதான் நோயின் முத்திரை. சிகிச்சை முடிந்தபின் ‘குணமாகிவிட்டது’ என்று சொல்வதற்கும் அந்தச் சிரை இனி முன்கூட்டி நிரம்பக்கூடாது என்பதே அளவுகோல். எம்ஆர்ஐயும் சிடி ஆஞ்சியோவும் வழிகாட்டும். ஆனால் இறுதி முடிவை அவற்றை மட்டும் வைத்து எடுக்கச் சொன்னால் சற்றுத் தயங்குவது நல்லது.

உங்கள் ஏவிஎம்மின் தரத்தை நீங்களே கணக்கிடலாம்

1986இல் ராபர்ட் ஸ்பெட்ஸ்லரும் நீல் மார்ட்டினும் வகுத்த ஒரு மதிப்பெண் முறை உலகெங்கும் இன்றுவரை பயன்படுகிறது. மூன்று விவரங்கள் போதும். முடிச்சின் அளவு 3 சென்டிமீட்டருக்குள் இருந்தால் 1 மதிப்பெண், 3 முதல் 6 வரை என்றால் 2, அதற்கும் மேல் என்றால் 3. கை கால் அசைவு, தொடுவுணர்வு, பேச்சு, பார்வை ஆகியவற்றுக்கான பகுதிகளிலோ, தலாமஸ், மூளைத்தண்டு போன்ற ஆழமான முக்கிய இடங்களிலோ இருந்தால் 1 கூட்ட வேண்டும். ரத்தம் வடியும் சிரை மூளையின் மேற்பரப்பில் மட்டும் ஓடாமல் ஆழத்திலுள்ள சிரைகளுக்குப் போனால் இன்னொரு 1. கூட்டுத்தொகையே தரம்.

எடுத்துக்காட்டாக, வலது முன்மூளையின் மேற்பரப்பில் இரண்டரை சென்டிமீட்டர் முடிச்சு, வடிகாலும் மேற்பரப்பிலேயே என்றால் அது முதல் தரம். இடது பக்கம் பேச்சுப் பகுதியில் 4 சென்டிமீட்டர், வடிகால் ஆழத்துக்குப் போகிறது என்றால் நான்காம் தரம். இந்த முறையை வெளியிட்ட அந்தக் கட்டுரையில் அறுவை செய்துகொண்ட 100 பேரின் விவரம் இருக்கிறது. முதல் தரத்தினரில் ஒருவருக்கும் நரம்பியல் குறை ஏற்படவில்லை. இரண்டாம் தரத்தில் 5 விழுக்காட்டினருக்கும், மூன்றாவதில் 16, நான்காவதில் 27, ஐந்தாவதில் 31 விழுக்காட்டினருக்கும் சிறியதோ பெரியதோ ஒரு குறை ஏற்பட்டது. கருவிகள் வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனாலும் ஏணியின் வரிசை மாறவில்லை. முதல் இரண்டு தரங்களுக்கு அறுவை நல்ல வழி, மூன்றாவது ஆளுக்கு ஆள் மாறும், நான்கும் ஐந்தும் பெரும்பாலும் தொடாமல் விடப்படுபவை என்பது இன்றைய பொதுவான நடைமுறை. 2010இல் மைக்கேல் லாட்டனின் குழு இதனோடு வயது, முன்பு ரத்தம் கசிந்ததா, முடிச்சு அடர்த்தியாக இருக்கிறதா பரவிக் கிடக்கிறதா என்ற மூன்றையும் சேர்த்தது. உங்கள் மருத்துவர் இரண்டு எண்களைச் சொன்னால் இரண்டாவது அதுவாக இருக்கும்.

விட்டுவைத்தால் என்ன ஆகும்?

ரத்தம் கசியாத ஏவிஎம் ஓராண்டில் கசிவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 1 முதல் 2 விழுக்காடு வரை. ஒருமுறை கசிந்தது மீண்டும் கசிவதற்கான வாய்ப்பு அதைவிடப் பலமடங்கு, குறிப்பாக முதல் ஆண்டில். ஆண்டுக்கு 2 விழுக்காடு என்பது கேட்கச் சிறிதாக இருக்கும். ஆனால் 30 வயதுக்காரர் இன்னும் 40 ஆண்டுகள் வாழ்வார் என்று வைத்தால், அந்த 40 ஆண்டுகளில் ஒருமுறையாவது கசிவதற்கான வாய்ப்பு 55 விழுக்காட்டுக்கு வந்துவிடுகிறது. ஆண்டுக்கு 1 விழுக்காடு என்று எடுத்தாலும் 33. அதே 2 விழுக்காட்டை 70 வயதுக்காரருக்குப் பத்தாண்டுக்குக் கணக்கிட்டால் 18தான். ஒரே படம், ஒரே அளவு முடிச்சு. மகனுக்கு ‘செய்யலாம்’ என்றும் தந்தைக்கு ‘வேண்டாம்’ என்றும் மருத்துவர் சொல்வதில் முரண்பாடு ஏதுமில்லை. கசிந்தால் எல்லோருக்கும் உயிர் போய்விடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் பலருக்கு நிலையான ஊனம் தங்கிவிடுகிறது.

இந்த இடத்தில் ‘அரூபா’ ஆய்வு பற்றித் தெரிந்திருப்பது அவசியம். இணையத்தில் தேடினால் அது கட்டாயம் எதிர்ப்படும். இதுவரை கசியாத ஏவிஎம் உடைய 223 பேரின் விவரங்களை ஆராய்ந்து 2014இல் லான்செட் இதழில் அது வெளிவந்தது. ஒரு பிரிவுக்கு மருந்தும் கண்காணிப்பும் மட்டும். மறு பிரிவுக்கு அவற்றோடு அறுவை, அடைப்பு, கதிர் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ. சராசரியாக 33 மாதங்களில், மருந்து மட்டும் பெற்றவர்களில் 10.1 விழுக்காட்டினருக்குப் பக்கவாதமோ மரணமோ நேர்ந்தது. சிகிச்சை பெற்றவர்களில் 30.7 விழுக்காட்டினருக்கு. வேறுபாடு அவ்வளவு பெரிதாக இருந்ததால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. ‘ஆகவே யாரும் சிகிச்சை செய்யக்கூடாது’ என்று இதிலிருந்து முடிவுகட்டுவது தவறு. அறுவை மட்டும் செய்துகொண்டவர்கள் அந்த ஆய்வில் மிகச் சிலரே. சிகிச்சையின் ஆபத்து முதலிலேயே வந்துவிடும், பலனோ பல பத்தாண்டுகளில்தான் தெரியும், மூன்றாண்டுப் பார்வை அதற்குப் போதாது. அதேபோல ‘அந்த ஆய்வே தவறு’ என்று ஒரு கையசைப்பில் ஒதுக்கும் மருத்துவரிடமும் எனக்கு நம்பிக்கை குறைவு. கசியாத ஏவிஎம்மை அவசரப்பட்டுத் தொடாதீர்கள் என்ற எச்சரிக்கையை அது அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது.

அறுவை சிகிச்சை

முடிச்சை முழுவதுமாக வெட்டி எடுப்பது. பெரும்பாலோருக்கு அன்றே முடிவு தெரிந்துவிடும் வழி இதுதான். மண்டையோட்டில் ஒரு பகுதியைத் திறந்து, நுண்ணோக்கியின் கீழ் பல மணிநேரம் நடக்கும் வேலை. அதன் உயிர்நாடி வரிசைமுறை: முதலில் ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டும், பிறகு முடிச்சைச் சுற்றிலும் பிரிக்க வேண்டும், வடியும் சிரையைக் கடைசியாகத்தான் தொட வேண்டும். வரத்து நிற்பதற்குள் போக்கை அடைத்தால் முடிச்சு மேசையிலேயே வெடிக்கும். அறுவையின் தொடக்கத்தில் அந்தச் சிரை தமனியைப்போலச் செக்கச் சிவந்து, அழுத்தத்தில் புடைத்து நிற்கும். கடைசித் தமனியும் அடைபட்டதும் அதன் நிறம் கண்ணெதிரே மாறி, இயல்பான சிரையின் கருநீலத்துக்கு வரும், தொய்ந்தும் போகும். இன்னும் சிவப்பாகவே இருக்கிறது என்றால் எங்கோ ஒரு தமனி எஞ்சியிருக்கிறது என்று பொருள். கை மேலும் தேட வேண்டும்.

அறுவைக்குப்பின் முதல் சில நாட்கள் ஐசியுவில் ரத்த அழுத்தத்தை மிக இறுக்கமாகக் கட்டுப்படுத்துவார்கள். இத்தனை காலம் முடிச்சுக்குள் பாய்ந்த ரத்தம் திடீரென்று பக்கத்து மூளைக்குத் திரும்புவதால் அங்கே வீக்கமோ கசிவோ வரலாம். ‘நன்றாகப் பேசுகிறாரே, ஏன் இன்னும் வார்டுக்கு மாற்றவில்லை?’ என்று சண்டை போட வேண்டாம். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் முன் ஆஞ்சியோகிராம் எடுத்து, துளியும் எஞ்சவில்லை என்று உறுதிப்படுத்துகிறார்களா என்பதை மட்டும் கேட்டு வையுங்கள். எடுப்பதில்லை என்று பதில் வந்தால் காரணத்தையும் கேளுங்கள்.

கதிர் அறுவை

கத்தியில்லாத இந்த முறைக்கு ‘காமா நைஃப்’ என்ற பெயர் வழங்குவதால், மூளைக்குள் ஏதோ கத்தி போகிறது என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1951இல் முன்வைத்த கருத்து. அவருடைய முதல் காமா நைஃப் 1968இல் ஸ்டாக்ஹோமில் வந்தது. ஏறத்தாழ 200 கோபால்ட் மூலங்களிலிருந்து புறப்படும் மெல்லிய கதிர்கள் தனித்தனியே மூளைக்குத் தீங்கு செய்யாமல் கடந்து, ஒரே புள்ளியில் குவியும் இடத்தில் மட்டும் வலிமை பெறுகின்றன. சைபர்நைஃப், லீனியர் ஆக்சலரேட்டர் என்று வேறு எந்திரங்களிலும் இதைச் செய்யலாம். எந்திரத்தின் பெயரைவிடத் திட்டமிடும் குழுவின் அனுபவம் முக்கியம். காமா நைஃப் என்றால் வழக்கமாகக் காலையில் தலையில் நான்கு திருகூசிகளால் ஒரு சட்டகம் பொருத்தப்படும். ஊசி இறங்கும் இடத்தில் மரத்துப்போக மருந்து போடுவார்கள். அந்த மருந்து எரிவதுதான் அன்றைய நாளின் பெரிய வலி என்று பலர் சொல்வார்கள். மாலைக்குள் சட்டகத்தைக் கழற்றி, பெரும்பாலும் அன்றோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள்.

இவ்வளவு எளிதாக இருக்கும்போது எல்லோருக்கும் இதையே செய்யக்கூடாதா என்றால், இரண்டு தடைகள். முதலாவது, காலம். கதிர் குழாயின் உட்சுவரை மெல்ல மெல்லத் தடிக்கச் செய்து அடைக்கிறது. அதற்கு 2 முதல் 3 ஆண்டுகள், சிலருக்கு 4 ஆண்டுகள்கூட ஆகும். அதுவரை கசியும் ஆபத்து அப்படியே இருக்கிறது. கதிர் கொடுத்துவிட்டதால் பாதுகாப்பு வந்துவிட்டது என்ற நினைப்பு தவறு. இரண்டாவது, அளவு. 3 சென்டிமீட்டருக்குள் இருக்கும் முடிச்சுகளில் நூற்றுக்கு எழுபது எண்பது வரை முழுதாக மூடுகின்றன. பெரிதாக ஆக, போதுமான கதிரைப் பாதுகாப்பாகக் கொடுக்க முடியாமல் வெற்றி குறைகிறது. பெரிய முடிச்சைப் பங்குபோட்டுச் சில மாத இடைவெளியில் தவணையாகக் கொடுப்பதும் உண்டு. ஆழத்தில், கத்தி போகக்கூடாத இடத்தில் இருக்கும் சிறிய முடிச்சுக்கு இதுவே சிறந்த வழி. சில மாதங்கள் கழித்துச் சுற்றியுள்ள மூளையில் வீக்கம் வரலாம். படத்தில் மட்டும் தெரிந்து தானே அடங்கும் வீக்கமே மிகுதி, சிலருக்குத் தலைவலி, வலிப்பு, பலவீனம் என்று வெளிப்பட்டு ஸ்டீராய்டு மாத்திரை தேவைப்படும்.

குழாய் வழி அடைப்பு

எம்போலைசேஷன் என்று சொல்லப்படும் இந்த முறையில், ஆஞ்சியோகிராமைப் போலவே நுழைந்து, நூலளவு மெல்லிய குழாயை முடிச்சின் வாசல்வரை கொண்டுபோய், உறைந்து இறுகும் திரவத்தைச் செலுத்துகிறார்கள். ஒட்டுப்பசை வகை ஒன்று. ஆனிக்ஸ் என்ற பெயரில் வரும் திரவம் இன்னொன்று. ஆனிக்ஸ் கரைந்திருக்கும் கரைப்பானின் இயல்பால், சிகிச்சைக்குப்பின் ஓரிரு நாள் நோயாளியின் மூச்சிலும் உடம்பிலும் பூண்டு வாடை வீசும். முன்கூட்டியே சொல்லாவிட்டால் உடனிருப்பவர்கள் பயந்துபோவார்கள். அது தானே போய்விடும்.

தையலில்லை, தழும்பில்லை என்பதால் நோயாளிகளுக்கு இதன்மேல் ஒரு தனி ஈர்ப்பு. ஆனால் ஏவிஎம்மை இதனால் மட்டுமே முழுதாகக் குணப்படுத்துவது, சிறிய, ஓரிரு தமனிகள் மட்டுமே ஊட்டும் முடிச்சுகளில்தான் பெரும்பாலும் இயலும். மற்றவற்றில் இது துணைவேலை: அறுவைக்கு முன் ஆழத்துத் தமனிகளை அடைத்து ரத்த இழப்பைக் குறைக்க, அல்லது கசிவுக்குக் காரணமான ஒரு பலவீனமான வீக்கத்தை மட்டும் மூட. ‘இப்போதைக்கு 60 விழுக்காடு அடைத்துவிடலாம், பிறகு பார்ப்போம்’ என்ற பேச்சு எழுந்தால் அங்கேயே நிறுத்திக் கேளுங்கள்: மீதி 40ஐ யார், எந்த முறையில், எப்போது முடிப்பார்கள்? அதற்குத் தெளிவான திட்டம் இல்லையென்றால் அந்த 60 தேவையில்லை. பாதி அடைத்த முடிச்சு கசிவிலிருந்து பாதுகாக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. அடைத்த ஒவ்வொரு முறைக்கும் பக்கவாத ஆபத்து மட்டும் கூடிக்கொண்டே போகும்.

ஏற்கெனவே கசிந்துவிட்டால்

இடிவிழுந்ததுபோலத் திடீரென்று எழும் கடுந்தலைவலி, வாந்தி, ஒருபக்கப் பலவீனம், பேச்சுக் குழறல், மயக்கம், வலிப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே ஆம்புலன்ஸை அழையுங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். வாயில் தண்ணீரோ மாத்திரையோ கொடுக்காதீர்கள்; ‘பக்கவாதம்தானே’ என்று ஆஸ்பிரின் கொடுப்பது கொடிய தவறு, இங்கே நடப்பது கசிவு. மருத்துவமனையில், மூளையை அழுத்தும் அளவுக்கு ரத்தக்கட்டி பெரிதாக இருந்தால் உயிரைக் காக்க அதை உடனே எடுப்பார்கள். அப்படி இல்லையென்றால் முடிச்சை அகற்றுவதற்குச் சில வாரங்கள் காத்திருப்பது வழக்கம்; வீக்கம் வடிந்து, கட்டி கரைந்த மூளையில் வேலை செய்வது பாதுகாப்பானது. இந்தக் காத்திருப்பை அலட்சியம் என்று எண்ண வேண்டாம். முதல் ஆஞ்சியோகிராமில் ஒன்றும் தெரியவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள்; கட்டி அழுத்தியதால் மறைந்திருந்த சிறிய முடிச்சு இரண்டு மூன்று மாதங்கள் கழித்து எடுக்கும் படத்தில் வெளிப்படுவது உண்டு.

கேவர்னோமாவும் மற்றவையும்

கேவர்னோமாவுக்குக் கணக்கு வேறு. 2016இல் வெளியான, 1,620 பேரின் விவரங்களைத் தொகுத்த ஆய்வின்படி, மூளைத்தண்டுக்கு வெளியே இருந்து, கசிவோ அதனால் வரும் குறையோ இல்லாமல் கண்டறியப்பட்டவர்களுக்கு ஐந்தாண்டுகளில் கசிவு வரும் வாய்ப்பு 3.8 விழுக்காடு மட்டுமே. மூளைத்தண்டில் இருந்து, ஏற்கெனவே கசிந்தும் இருந்தால் 30.8. ஆகவே தற்செயலாகத் தெரிந்த கேவர்னோமாவைப் பெரும்பாலும் விட்டுவிடுவதே சரி. மருந்துக்கு அடங்காத வலிப்பு, எளிதில் சென்றடையக்கூடிய இடத்தில் கசிவு, மூளைத்தண்டில் இரண்டாம் முறை கசிந்து மேற்பரப்பை எட்டிய நிலை ஆகியவற்றில் அறுவையைப் பற்றிப் பேசலாம். பக்கத்தில் குடைவடிவச் சிரை இருந்தால் அறுவையில் அதைக் காப்பாற்றியாக வேண்டும். இதில் ரத்தம் மெதுவாக நகர்வதால் ஆஞ்சியோவில் தெரியாது, குழாய்வழி அடைப்புக்கும் இடமில்லை. கதிர் அறுவை பற்றி வல்லுநர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. ஒன்றுக்கு மேற்பட்ட கேவர்னோமா இருந்தால் பரம்பரை வகையாக இருக்கலாம். உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

மூளை உறையின் தவறிணைப்பில், ஒரு காதில் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘உஸ் உஸ்’ என்ற ஒலி கேட்பதே பலருக்கு முதல் அறிகுறி. ரத்தம் மூளையின் மேற்பரப்புச் சிரைகளுக்குப் பின்னோக்கிப் பாய்கிறதா என்பதே இங்கே தீர்மானிக்கும் விவரம். பாய்ந்தால் தாமதிக்காமல் மூட வேண்டும், பாயவில்லையென்றால் பலர் அந்த ஒலியோடு வாழ்ந்துவிடலாம். இந்த வகையில் குழாய்வழி அடைப்பே முதல் தேர்வு. பச்சிளங்குழந்தைகளுக்கு, மூளையின் நடுவே ஆழத்தில் உள்ள பெரிய சிரையில் வரும் கேலன் சிரைக் குறைபாடு இதயச் செயலிழப்பாக வெளிப்படும். அதற்கும் அடைப்பே வழி, குழந்தையின் நிலை தாங்குமானால் ஏறத்தாழ ஐந்து மாதம்வரை மருந்தால் ஓட்டிவிட்டுச் செய்வார்கள். இதை இதில் தேர்ந்த மிகச் சில மையங்களில் மட்டுமே செய்ய வேண்டும்.

காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்

தொடாமல் விடுவது என்று முடிவானால், மறந்துவிடுவது என்று பொருளன்று. ரத்த அழுத்தம் எப்போதும் கட்டுக்குள் இருக்க வேண்டும். வலிப்பு வந்திருந்தால் மாத்திரை ஒருவேளைகூடத் தவறக்கூடாது. வாகனம் ஓட்டுவது, தனியாக நீந்துவது, உயரத்தில் வேலை செய்வது ஆகியவை மருத்துவர் சொல்லும்வரை வேண்டாம். புகைப்பதை விட்டாக வேண்டும். ரத்தம் உறையாமலிருக்கும் மருந்தை வேறொரு நோய்க்காக யாராவது எழுதினால், சாப்பிடும் முன் இந்த விவரத்தைச் சொல்லுங்கள். ஏற்கெனவே சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது. கருவுறத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே பேசிவிடுவது நல்லது. கருவுற்றபின் கதிரும் ஆஞ்சியோவும் சிக்கலாகிவிடும். நடை, வீட்டுவேலை, அலுவலகம், தாம்பத்தியம் ஆகிய எதையும் அச்சத்தால் நிறுத்தத் தேவையில்லை.

‘மாற்றுச் சிகிச்சை’ என்ற சொல்லை இரண்டு பொருளில் கேட்கிறேன். அறுவைக்கு மாற்றாகக் கதிர், அடைப்பு, கண்காணிப்பு என்ற பொருளில் அது சரி. மூலிகை, உணவுமுறை, மூச்சுப்பயிற்சி ஆகியவற்றால் முடிச்சு கரையும் என்ற பொருளில் சரியன்று; ரத்தக்குழாயின் கட்டமைப்பிலேயே உள்ள பிழையை இவற்றில் எதுவும் மூடுவதில்லை. மனம் அமைதி பெறுவதற்காகத் தியானம் செய்வதை யாரும் தடுக்கப்போவதில்லை. ஆனால் சில மூலிகைப் பொருள்கள் ரத்தம் உறைவதையோ வலிப்பு மருந்தின் அளவையோ மாற்றக்கூடும் என்பதால், எதைச் சாப்பிட்டாலும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். மாத்திரையால் ஏவிஎம்மைச் சுருக்கும் முயற்சி ஆய்வுநிலையில் இருக்கிறது. பல ஏவிஎம்களின் குழாய்ச் சுவரில் கேராஸ் என்ற மரபணுவில் பிறழ்வு இருப்பது 2018இல் வெளியானபின் அதற்கு வேகம் கூடியிருக்கிறது. ஆய்வுக்கு வெளியே அதை விற்பவர் யாராக இருந்தாலும் நம்ப வேண்டாம்.

முடிவெடுக்கும் முன்

அறுவை, கதிர், குழாய்வழி அடைப்பு ஆகிய மூன்றையும் செய்பவர்கள் ஒன்றாக உட்கார்ந்து உங்கள் படத்தைப் பார்த்தார்களா என்று கேளுங்கள். கத்தி பிடிப்பவர் கத்தியையும், குழாய் நுழைப்பவர் குழாயையும் முதலில் நினைப்பது மனித இயல்பு. கெட்ட எண்ணம் அன்று. இந்த மருத்துவர் ஆண்டுக்கு இப்படி எத்தனை பேருக்குச் செய்கிறார், என் தரத்துக்கு அவருடைய சொந்தக் கணக்கில் ஊனம் எத்தனை விழுக்காடு என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கசியாத ஏவிஎம்மில் ஒரு வாரத்தில் முடிவெடுக்க வேண்டிய தேவை அநேகமாக இருப்பதில்லை. இரண்டாம் கருத்துக்கு நேரம் இருக்கிறது.

சிகிச்சை முடிந்து ஆஞ்சியோகிராம் சுத்தமாக வந்தபிறகும் குழந்தைகளின் விஷயத்தில் கோப்பை மூடிவிடக்கூடாது. வளரும் மூளையில், முழுதாக அழிந்ததாகப் படத்தில் தெரிந்த முடிச்சு சில ஆண்டுகளில் மீண்டும் முளைத்த நிகழ்வுகள் உண்டு. ஆகவே இடையில் எம்ஆர்ஐயும், ஓராண்டு கழித்தும் பதின்வயதின் இறுதியிலும் ஆஞ்சியோவும் எடுக்கச் சொல்லும் மையங்கள் பல. எல்லாப் படங்களையும் குறுந்தகட்டிலோ கணினியிலோ பத்திரப்படுத்துங்கள். அச்சிட்ட அறிக்கை மட்டும் போதாது, அடுத்த மருத்துவர் ஒப்பிட்டுப் பார்க்கப் படங்களே தேவை. அறுவையில் உலோகக் கிளிப் வைத்திருந்தால் அதன் பெயரும் உலோகமும் எழுதிய சீட்டைப் பணப்பையில் வையுங்கள். பல ஆண்டுகள் கழித்து வேறு எதற்காகவோ எம்ஆர்ஐ அறைக்குள் போகும்போது வாசலில் முதலில் கேட்பது அதைத்தான்.